சின்ன மேடை, ஐந்து பேர், ஊளையிடும் மைக்: பார் மேடைகளில் ஒலியைச் சமாளிப்பது எப்படி?

ஆறாம்தந்தி:
வணக்கம். ஐந்து பேர் கொண்ட பார் பேண்ட். டிரம்ஸ், பேஸ், இரண்டு கிட்டார், கீபோர்டு. அதில் இரண்டு பேர் பாடுகிறோம். கிடைக்கும் மேடை பெரும்பாலும் 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் ஆழம். அங்கேயே இருக்கும் சிஸ்டம்: ஸ்டாண்டில் இரண்டு 12 இன்ச் ஸ்பீக்கர், எட்டு சேனல் மிக்சர், தரையில் இரண்டு மானிட்டர் (பாடுபவருக்கு அவர் குரல் கேட்க வைக்கும் ஸ்பீக்கர்). குரல் வெளியே எடுபடுவதில்லை, ஃபேடரை (மிக்சரில் அளவைக் கூட்டும் தள்ளுகுமிழ்) ஏற்றினால் உடனே ஃபீட்பேக், மைக் ஊளையிடுகிறது. சொந்தமாக 15 இன்ச் ஸ்பீக்கர் வாங்கலாம் என்று ஒரு யோசனை. அதற்கு முன்னால் வேறு என்ன பார்க்க வேண்டும்?

மிக்சர்மேசை:
ஸ்பீக்கரை மாற்றுவதால் இது தீராது. உங்களைத் தடுப்பது வாட்ஸ் அல்ல, ஃபீட்பேக் வருவதற்கு முன் மைக்கை எவ்வளவு ஏற்ற முடியும் என்ற எல்லைதான். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல். பாடுபவர் மைக்கிலிருந்து 10 செ.மீ. தள்ளி நிற்பதை 5 செ.மீ. ஆக்கினால் கூடுவது ஏறக்குறைய 6 டெசிபல். செலவே இல்லாமல் கிடைக்கும் ஆதாயம் இது. அவ்வளவு நெருங்கினால் குரலில் அடிக்கனம் ஏறும். அந்தச் சேனலின் ஹை-பாஸ் ஃபில்டரை (கீழ் அலைகளை வெட்டுவது) 100–120 ஹெர்ட்ஸில் போட்டால் சரியாகிவிடும்.

அடுத்தது, திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை. மைக்குகள் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஃபீட்பேக் எல்லை 3 டெசிபல் இறங்கும். இரண்டு மைக் போதுமான இடத்தில் எட்டைத் திறந்து வைத்தால் 6 டெசிபல் போய்விட்டது என்று கணக்கு. பின்பாட்டு மைக்கைத் தேவைப்படாத பாட்டில் மியூட் செய்யுங்கள். கிட்டார் ஆம்ப் முன்னால் மைக் வைப்பதையும் இந்த அளவு இடத்தில் விட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று. அந்த அறையில் வால்யூம் பட்டன் இல்லாத ஒரே வாத்தியம் டிரம்ஸ். வழக்கமாக அடித்தாலே மேடையில் 100 டெசிபலைத் தாண்டும். அதுதான் அளவுகோல். பேஸ் அதற்கு ஈடாக, கிட்டார் அதற்குச் சற்றுக் கீழே, குரல் எல்லாவற்றுக்கும் மேலே. குரல் கேட்கவில்லையென்றால் குரலை ஏற்றுவதற்கு முன்னால் மற்றதை இறக்குங்கள். சின்ன அறையில் மிக்சிங்கின் பெரும்பகுதி மேடையிலேயே முடிந்துவிடுகிறது, மிக்சரில் நடப்பது மிச்சம்தான்.

தோல்வாத்தியம்:
டிரம்ஸ் பத்தி நான் சொல்றேன். "மெதுவா அடி"ன்னு டிரம்மர்கிட்ட சொல்றதுல பலன் கம்மி, ரெண்டாவது பாட்டிலேயே பழைய சத்தத்துக்கு வந்துடும். டிரம் கிட்டையே (டிரம்ஸ் செட்) மாத்துங்க.

22 இன்ச் கிக்குக்கு (காலால அடிக்கிற பெரிய டிரம்) பதிலா 18 இல்லன்னா 20. ஒரு ரேக் டாம், ஒரு ஃப்ளோர் டாம். சிம்பல்தான் முழுப் பிரச்சினையும். கனமான சிம்பல் சத்தமும் அதிகம், நீளமாவும் ஒலிக்கும். மெல்லிசான கிராஷ் ஒண்ணு, ரைடு ஒண்ணு, ஹை-ஹேட், போதும். பாடுறவர் மைக் நேரா சிம்பலைப் பார்த்துதான் நிக்குது. குரலை ஏத்தினா சிம்பலும் சேர்ந்து ஏறுறது அதனாலதான். பாடுறவரை டிரம்ஸுக்கு நேர் முன்னால நிறுத்தாம ஒரு மீட்டர் பக்கவாட்டுல தள்ளி, மைக்கோட முகம் நேரா சிம்பலைப் பார்க்காத மாதிரி லேசாத் திருப்பினாலே வித்தியாசம் தெரியும்.

குச்சிக்குப் பதிலா மூங்கில் ராட்ஸ் வச்சு அடிச்சா ஸ்னேர் சத்தம் நல்லாவே இறங்கும். ஆனா ரிம்ஷாட்டோட கடிப்பு போயிடும், ராக் பாட்டுக்கு எல்லாருக்கும் பிடிக்காது. அப்படின்னா ஸ்னேர் தோல் ஓரத்துல ஒரு ஜெல் துண்டு ஒட்டுங்க.

இடம்: 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர் மேட் ஒண்ணு. ஒவ்வொரு ஸ்டாண்டோட காலும் எங்க வரணும்னு மேட் மேலேயே டேப்பால குறிச்சு வையுங்க. சிம்பல் ஸ்டாண்ட் உயரத்துக்கும் குழாய் மேல ஒரு மெமரி லாக் (உயரத்தை நிலையா வைக்கிற வளையம்). மேடையில ஏறினதும் யோசிக்காம பதினஞ்சு நிமிஷத்துல கிட் நின்னுடும். கேஸ் எதையும் மேடையில திறக்காதீங்க. கீழேயே எடுத்து காலிக் கேஸை வெளிய தள்ளுங்க, சின்ன மேடையில பாதி இடத்தை அடைக்கிறது இதுதான்.

மூலையில கிட் போடுறது நல்லதில்ல, ரெண்டு சுவரும் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். ஆனா மத்த நாலு பேருக்கு நிக்க இடம் கிடைக்கணும்னா சில மேடையில மூலை மட்டும்தான் மிஞ்சும். அங்க பின்னாடி கனமான திரை ஒண்ணு மடிப்பு மடிப்பா தொங்கட்டும். சிம்பல் தெறிப்பு அடங்கும். கிக் உறுமலை அது தொடாது.

மைக் போடணும்னா கிக்குக்கு மட்டும், அதுவும் சப்வூஃபர் இருந்தா. ஓவர்ஹெட் மைக்கே வேண்டாம்.

பேஸ்தந்தி:
கிட்டார் ஆம்ப் விஷயத்தில் நடப்பது இது. 12 இன்ச் கோன் உயர் அலைகளை ஒரு டார்ச் மாதிரி நேராகத்தான் அடிக்கும். ஆம்ப் தரையில் இருக்கிறது, வாசிப்பவர் காது ஒன்றரை மீட்டர் மேலே, ஆம்புக்கு ஒரு மீட்டர் முன்னால். அவருக்கு மந்தமாகக் கேட்கிறது, டிரெபிளையும் வால்யூமையும் ஏற்றுகிறார். நாலு மீட்டர் தள்ளி முதல் மேஜையில் உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்கிறார்.

ஆம்பை நாற்காலி உயரத்துக்கு ஏற்றுங்கள், அல்லது காதைப் பார்க்கும்படி பின்னால் சாய்த்து வையுங்கள். இன்னும் நல்லது, மேடையின் பக்க ஓரத்தில் வைத்துக் குறுக்கே அடிக்கும்படி திருப்புவது. கூட்டத்தை நோக்கி நேராக எதுவும் போகாது, மற்றவர்களுக்கும் கிட்டார் கேட்கும். இரண்டு கிட்டார் என்றால் ஆளுக்கொரு ஓரம்.

50 வாட் வால்வ் ஆம்பை விட்டு 15 வாட்டுக்கு மாறினால் இறங்குவது 5 டெசிபல்தான், ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். ஆனால் சின்ன ஆம்பில் மாஸ்டரைக் குறைவாக வைத்தே டோன் திறந்துவிடும், அதில்தான் லாபம்.

பேஸுக்கு வருவோம். மேடை பலகையால் செய்து உள்ளே வெற்றிடமாக இருந்தால் பேஸ் கேபினெட் அதையே பெட்டியாக்கி உறுமும். அடியில் கெட்டி ஃபோம் போடுங்கள். சேனலில் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள்.

ஒரே ஒரு சுரம் மட்டும் குமுறுகிறதா? அது உங்கள் கை அல்ல, அறை. இணையான இரண்டு சுவர்களுக்கு இடையே 6 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி வினாடிக்கு 343 மீட்டர். 343-ஐ 12-ஆல் வகுத்தால் 28.6 ஹெர்ட்ஸ், அதன் இரட்டை 57. ஏ தந்தியின் முதல் ஃப்ரெட்டில் இருக்கும் பி ஃப்ளாட் 58.3 ஹெர்ட்ஸ். அந்த அறையில் அந்தச் சுரம் சுவரோரத்திலும் நடுவிலும் வீங்கும், சுவரிலிருந்து ஒன்றரை மீட்டரில் காணாமல் போகும். பேஸ் நாபை மொத்தமாக இறக்கினால் எல்லாச் சுரமும் ஒல்லியாகிவிடும். பாராமெட்ரிக் இகியூவில் (வேண்டிய அலைவரிசையை மட்டும் தேர்ந்து மாற்றுவது) 57-ஐ மட்டும் ஒடுக்கமாக 4–6 டெசிபல் வெட்டுங்கள். டேப் எடுத்து அறையை அளந்துவிட்டால் எந்தச் சுரம் தொல்லை தரும் என்று வாசிப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

ஆறாம்தந்தி:
நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. மானிட்டர் பற்றி ஒரு சந்தேகம். எங்கள் மைக் சூப்பர்கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும் ஒரு வகை). மானிட்டர் பாடுபவருக்கு நேர் முன்னால் தரையில் இருக்கிறது. அதுதானே சரி?

மிக்சர்மேசை:
இல்லை, உங்கள் ஃபீட்பேக்கில் ஒரு பங்கு அங்கிருந்தே வருகிறது. ஷூர் எஸ்எம்58 போன்ற கார்டியாய்டு மைக்கின் காது கேளாத பக்கம் நேர் பின்னால், 180 டிகிரியில். அதற்கு மானிட்டர் நேர் முன்னால் இருப்பது சரி. பீட்டா 58ஏ போன்ற சூப்பர்கார்டியாய்டுக்குப் பின்புறம் கொஞ்சம் கேட்கும். அதன் செவிட்டுப் புள்ளிகள் இரண்டு, மைக்கின் முன்முகத்திலிருந்து இருபுறமும் சுமார் 126 டிகிரியில். ஆகவே மானிட்டர் நடுவிலிருந்து விலகி, மைக்கின் வாலிலிருந்து 55 டிகிரி வாக்கில் பக்கவாட்டில் இருக்க வேண்டும். பாடுபவர் மைக்கை ஸ்டாண்டில் கிடைமட்டமாகப் பிடிக்கிறாரா, சாய்த்துப் பிடிக்கிறாரா என்பதைப் பொறுத்தும் கோணம் மாறும். பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் கோடு போட்டுப் பாருங்கள்.

மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் எந்த மைக்கும் எல்லாத் திசையும் கேட்கும் மைக்காகிவிடும். பின்னாலிருந்து ஒலி நுழையும் துளைகள் அந்த வலைக்குள்தான் இருக்கின்றன. இதை ஒரு பாடகர் மாற்றிக்கொண்டாலே பாதி ஊளை நிற்கும்.

மானிட்டரில் குரல் மட்டும் அனுப்புங்கள். கிக், கிட்டார் எதுவும் வேண்டாம். அவை மேடையிலேயே கேட்கின்றன. கீபோர்டுக்கு ஆம்ப் இல்லையென்றால் அது மட்டும் விதிவிலக்கு.

பிறகு மானிட்டரை ரிங் எடுக்கும் முறை, அதாவது ஊளையிடும் அலைவரிசைகளைத் தேடி வெட்டுவது. கூட்டம் வருவதற்கு முன், காதடைப்பான் போட்டுக்கொண்டு செய்யுங்கள். மானிட்டர் வழியில் உள்ள கிராஃபிக் இகியூவை எல்லாம் பூஜ்யத்தில் வையுங்கள். பாடுபவர் தன் இடத்தில் நிற்கட்டும், முகமும் தொப்பியும் ஒலியைத் திருப்பும் என்பதால் ஆள் இல்லாமல் செய்தால் பலன் மாறிவிடும். மானிட்டர் அனுப்பலை மெல்ல ஏற்றுங்கள். முதல் ஒலிப்பு எழும்போதே நிறுத்தி, அந்த அலைவரிசையை 3 டெசிபல் இறக்குங்கள். "ஹூ" என்ற ஊளையானால் 250–500 ஹெர்ட்ஸ், விசிலானால் 1000-ஐ ஒட்டி, காதைக் கிழிக்கும் கீச்சானால் 2000-க்கு மேல். மறுபடி ஏற்றுங்கள், அடுத்ததைப் பிடியுங்கள். மூன்று நான்கு வெட்டோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் குரல் தகர டப்பாவாகும், ஃபீட்பேக்கும் குறையாது. கடைசியில் மொத்த அளவை எல்லையிலிருந்து 4–6 டெசிபல் இறக்கி அங்கேயே விட்டுவிடுங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் கூட்டம் நகர்ந்தாலே கூவும்.

கேபிள்சுருள்:
மானிட்டரையே எடுத்துவிட்டு இன்-இயருக்கு (காதில் செருகும் இயர்போன்) போகலாம் என்பது என் கட்சி. 3 மீட்டர் மேடையில் இரண்டு மானிட்டர் பிடிக்கும் இடத்தில் ஓர் ஆள் நிற்கலாம். ஃபீட்பேக்கின் பெரிய வழி ஒன்று அடைபடும்.

பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 மாதிரி ஸ்டேஜ்பாக்ஸ் மிக்சரில் 16 மைக் உள்ளீடு, ஆறு ஆக்ஸ் வெளியீடு (தனித்தனிக் கலவை அனுப்பும் வழி). ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு மோனோ கலவை கொடுத்தும் ஒன்று மிஞ்சும், அவரவர் போனிலேயே சரிசெய்துகொள்ளலாம். டிரம்மரும் கீபோர்டு வாசிப்பவரும் நகர்வதில்லை, அவர்களுக்கு வயர்லெஸ் வீண். வயரில் போகும் சின்ன பெல்ட்பேக் ஆம்ப் போதும்.

மிக்சருக்குள் இருக்கும் வைஃபையை நம்பாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ், கூட்டத்தில் எல்லார் பாக்கெட்டிலும் போன். ஆள் நிறைந்ததும் டேப்லெட் தொடர்பு அறும். 5 கிகாஹெர்ட்ஸ் ரூட்டர் ஒன்றை ஈதர்நெட் கேபிளில் மிக்சரோடு இணைத்து, தலைக்கு மேல் உயரத்தில் கட்டுங்கள். ஒரு லேப்டாப்பையும் கேபிளிலேயே வைத்திருங்கள்.

ஒவ்வொரு ஆக்ஸிலும் லிமிட்டர் (வைத்த அளவுக்கு மேல் ஒலியை விடாதது) கட்டாயம். ஃபீட்பேக்கோ, மைக் கீழே விழுந்த சத்தமோ நேராகச் செவிப்பறைக்குப் போகும்.

பேஸ்தந்தி:
இன்-இயருக்கு எதிராக இரண்டு விஷயம். அது டிரம்ஸ் சத்தத்தைக் குறைப்பதில்லை, கிட்டார் ஆம்ப் இருந்தால் அதையும் குறைப்பதில்லை. ஆம்ப் அப்படியே இருக்க காதில் மட்டும் மாற்றினால் கூட்டத்துக்குக் கேட்பது பழைய கூச்சல்தான். இரண்டாவது, "கூட்டம் கேட்கவில்லை" என்று ஒரு காதைக் கழற்றிவிட்டு மற்றதை ஏற்றுகிறவர்கள் ரொம்ப. திறந்த காதில் மேடைச் சத்தம், அடைத்த காதில் அதை மீறும் சத்தம், இரண்டுமே கெடும். கழற்றத் தோன்றினால் மேடை விளிம்பில் கூட்டத்தைப் பார்த்து ஒரு மைக் வைத்து அதை இன்-இயருக்கு மட்டும் அனுப்புங்கள். வெளி ஸ்பீக்கருக்குப் போகவே கூடாது.

கேபிள்சுருள்:
ஒப்புக்கொள்கிறேன். இன்-இயர் என்றால் கிட்டாரும் மாடலர் (ஆம்ப் ஒலியைப் போலச் செய்யும் கருவி) வழியாக நேரே மிக்சருக்கு வர வேண்டும். பாதி வழி நின்றால் பயனில்லை.

ஓம்விதி:
இடத்துக்காரரின் சிஸ்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. முதலில் போனிலேயே கேட்டுவிடுங்கள்: ஸ்பீக்கர் பவர்டா (ஆம்ப் உள்ளேயே இருப்பது), பாசிவா (தனி ஆம்ப் வேண்டியது)? மிக்சரில் எக்ஸ்எல்ஆர் உள்ளீடு எத்தனை? மேடைக்கு எத்தனை தனி மின் இணைப்பு? ஒலி லிமிட்டர் உண்டா? ஒரு போட்டோ அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது. "எல்லாம் இருக்கு" என்ற பதிலுக்கு எந்த மதிப்பும் கிடையாது.

கூரையில் பதித்த சின்னச் சின்ன ஸ்பீக்கர்களாக இருந்தால் அது பெரும்பாலும் 70 அல்லது 100 வோல்ட் லைன், பின்னணிப் பாட்டுக்கானது. பேண்டை அதில் விடாதீர்கள். பின்வரிசைக்குக் குரல் மட்டும் கொஞ்சம் அனுப்ப வேண்டுமானால் உதவும்.

உங்கள் மிக்சரிலிருந்து அவர்கள் மிக்சருக்குப் போகும்போது லைன் உள்ளீட்டில் செருகுங்கள். மைக் உள்ளீடு மட்டும்தான் என்றால் அளவைக் குறைக்கும் பேட் போடுங்கள். லைன் அளவை மைக் ப்ரீஆம்பில் விட்டால் கெய்னை முழுக்க இறக்கினாலும் கிழியும். அந்த சிஸ்டம் மோனோவா என்றும் பாருங்கள், மோனோ என்றால் கீபோர்டின் இடது பக்கம் மட்டும் அனுப்புவதே சுத்தம். சில ஸ்டீரியோ பியானோ ஒலிகள் மோனோவில் சேரும்போது பாதி கரைந்துவிடும்.

பாசிவ் ஸ்பீக்கரில் ஓம் கணக்கு: 8 ஓம் இரண்டு இணையாகப் போட்டால் 4, நான்கு போட்டால் 2. ஆம்ப் 4 ஓம் வரை என்று எழுதியிருந்தால் மூன்றாவது பெட்டியிலேயே எல்லை தாண்டிவிடும், ஆம்ப் சுடும். ஸ்பீக்கருக்குக் கிட்டார் கேபிளைச் செருகுவது இன்னொரு கோளாறு. இரண்டுக்கும் ஒரே ஜாக், ஆனால் உள்ளே மெல்லிய கம்பி. சூடாகி அறும், வால்வ் ஆம்பானால் ஆம்பையும் சேர்த்துக் கெடுக்கும். ஸ்பீக்கர் கேபிள்களுக்கு வேறு நிற டேப் சுற்றி வையுங்கள்.

ஸ்பீக்கர் இடம்: பாடுபவர் மைக்குகளுக்கு முன்னால், ஹார்ன் (உயர் அலைகள் வரும் பகுதி) உட்கார்ந்தவர் தலைக்கு மேல், ஏறக்குறைய 2 மீட்டர். ஸ்டாண்டின் கால்களை முழுக்க விரித்து ஒரு மணல் பை. சப் இரண்டு இருந்தால் இடம் வலமாகப் பிரிக்காமல் ஒன்றாக ஒரே பக்கம் சேர்த்து வையுங்கள். பிரித்தால் நடுவில் குமுறலும் பக்கத்தில் ஓட்டையுமாக இருக்கும்.

மின்சாரம் பற்றி இரண்டு வார்த்தை. 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பு என்றால் 1800 வாட். 230 வோல்ட், 16 ஆம்பியர் என்றால் 3680. பேண்ட் சராசரியாக இழுப்பது பெட்டிகளில் எழுதியிருக்கும் வாட்ஸை விட ரொம்பக் குறைவு. சிக்கல், பாரின் ஃபிரிட்ஜும் ஐஸ் மெஷினும் அதே இணைப்பில் இருக்கும்போதுதான். மேடை ஒலி எல்லாம் ஒரே இணைப்பிலிருந்து, விளக்கு வேறொன்றிலிருந்து எடுங்கள். சுருள் எக்ஸ்டென்ஷனை முழுக்கப் பிரியுங்கள், சுற்றியபடி வைத்தால் சூடாகும்.

ஹம் (ஓயாத ரீங்காரம்) வந்தால் எர்த் பின்னை எடுக்கவே எடுக்காதீர்கள். உயிர் போகும் வேலை அது. கிட்டார் தந்தியைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டு ஷாக் அடித்தால் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பிளக் பாயின்ட்டைச் சோதியுங்கள். ஹம்முக்கு டிஐ பாக்ஸின் (வாத்தியத்தை மிக்சரோடு இணைக்கும் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட், அது போதாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் ஐசொலேட்டர்.

ஆறாம்தந்தி:
ஒலி லிமிட்டர் என்றால்? மேடை கரண்டே போய்விடும் என்று கேள்விப்பட்டேன்.

ஓம்விதி:
ஆமாம். கூரையில் ஒரு மைக், வைத்த அளவைச் சில வினாடி தாண்டினால் முதலில் விளக்கு எரியும், பிறகு ரிலே மேடை சாக்கெட்டுகளைத் துண்டிக்கும். சிக்க வைப்பது பெரும்பாலும் ஸ்னேரும் கூட்டத்தின் கைதட்டலும்தான். மிக்சர், ரூட்டர் இரண்டையும் ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் போடுங்கள். ஸ்பீக்கரும் ஆம்பும் கட்டுப்பட்ட சாக்கெட்டிலேயே இருக்கட்டும். கரண்ட் திரும்பியதும் மிக்சர் புதிதாகக் கிளம்பும் வரை கூட்டம் காத்திருக்க வேண்டாம். துண்டித்தவுடனே மாஸ்டரை மூடிவிடுங்கள், இல்லையென்றால் திரும்பும்போது ஸ்பீக்கரில் பெரிய "தும்" கேட்கும்.

எவ்வளவு சத்தம் வரை சரி என்பதற்கு ஓர் அளவு: உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை அரங்குகளுக்கு வைத்த மேல்வரம்பு, 15 நிமிடச் சராசரி 100 டெசிபல். வாசிக்கும் நீங்கள் கேட்பது அதைவிடக் கூடத்தான் இருக்கும். காதடைப்பான் போடுங்கள்.

தோல்வாத்தியம்:
ஏத்துற வரிசையும் சொல்லிடுறேன். முதல்ல மேட், டிரம்ஸ். அடுத்து கரண்ட் வயர், அதுக்கப்புறம் ஆம்ப், கீபோர்டு, கடைசியா மைக் ஸ்டாண்ட். மூணு கால் விரியுற ஸ்டாண்டை விட வட்டத் தட்டு ஸ்டாண்ட் இடம் கம்மியா பிடிக்கும். கரண்ட் வயரும் சிக்னல் வயரும் பக்கத்துப் பக்கத்துல ஓட வேண்டாம், குறுக்க வெட்டினா பரவாயில்ல.

சவுண்ட் செக்குக்கு நேரம் இல்லன்னா லைன் செக் மட்டும்: கிக், பேஸ், கீபோர்டு, குரல்னு ஒவ்வொரு சேனலும் வருதான்னு பார்த்துட்டு, எல்லாரும் உச்சத்துல வாசிக்கிற ஒரு பாட்டோட பல்லவியை ஒரு தடவை. மெதுவான பாட்டுல சரி பார்த்தா ராத்திரி முழுக்க ஃபேடரைத் தேட வேண்டியிருக்கும்.

ஆறாம்தந்தி:
காலி அறையில் சரியாக இருந்தது, ஆட்கள் வந்ததும் மந்தமாகிவிடுகிறது. அது எதனால்? ரிவெர்ப் கூட்டினால் குரல் முன்னால் வருமா?

மிக்சர்மேசை:
ஆட்களும் உடைகளும் உயர் அலைகளை உறிஞ்சும். அதனால் காலி அறையில் கொஞ்சம் கூர்மையாகவே விட்டுவையுங்கள். இரண்டாவது பாட்டின்போது ஒருவர் கூட்டத்தின் நடுவில் நின்று கேட்டு, குரலில் 2000–4000 ஹெர்ட்ஸை 2 டெசிபல் ஏற்றினால் போதும்.

ரிவெர்ப் குரலைப் பின்னால்தான் தள்ளும். அந்த அறையே போதுமான எதிரொலி தருகிறது. வேண்டுமென்றால் ஒரு குறுகிய டிலே, 100–120 மில்லிவினாடி, ஒரே திருப்பல், அடியில் கேட்கும் அளவுக்கு மட்டும். மானிட்டருக்கு அதை அனுப்பாதீர்கள். பாட்டு முடிந்து பேசும்போது எஃபெக்ட் ரிடர்னை மியூட் செய்ய ஒரு ஃபுட்ஸ்விட்ச் வைத்துக்கொள்ளுங்கள், பாடுபவரின் காலுக்கு எட்டும் இடத்தில்.